கண்ணில் ஒரு கரும்புள்ளி

இந்த இதழின் அட்டைக்கு என்னுடைய கும்பிடுபூச்சிப் படத்தைக் கேட்டார்கள். தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட நண்பர்கள் இருவர் மறுபடியும் வற்புறுத்தினார்கள். அடக்கமெல்லாம் இல்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. நான் எடுத்தவற்றில் அதுவே சிறந்தது. மறுத்ததற்கான காரணத்தைக் கடிதமாக எழுதத் தொடங்கினேன். கடிதத்தின் அளவை மீறிப் போய்விட்டதால் கட்டுரையாகத் தருகிறேன். காரணம் சின்னது. அதன் பின்னால் நிற்கும் கேள்வி அவ்வளவு சின்னதாக எனக்குப் படவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொன்னார்கள்: பூச்சி நம்மைப் பார்க்கிறது. கவி நண்பர் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், இந்தப் பார்வைக்கு முன்னால் மனிதன் தன் ஆறாவது அறிவைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தார். இந்த வகை வாக்கியங்களை நாம் ஒருவருக்கொருவர் சுலபமாக எழுதிக்கொள்கிறோம். நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால், நண்பரே, படம் எடுக்கும்போது அந்தப் பூச்சி செத்துப்போயிருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

மூன்று வருஷங்களுக்கு முன்புவரை பூச்சிகளோடு எனக்கு இருந்த உறவு எல்லோருக்கும் இருப்பதுதான். சின்ன வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்திருக்கிறேன். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து இலை போட்டு, முட்டை இட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாசிப்பு, விமர்சனம், சண்டை. பூச்சிகள் கவிதைகளில் மட்டும் வந்துபோயின, அதுவும் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிகளாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் கறிவேப்பிலை பறிக்கப் போனவன், இலையில் ஒட்டியிருந்த காக்கை எச்சம் நகர்வதைப் பார்த்தேன். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு அது. எச்சத்தைப்போலத் தோற்றம் காட்டியே அது பறவைகளிடமிருந்து தப்புகிறது. முழுவளர்ச்சி பெறும்போது அந்த வேஷத்தைக் களைந்து இலைப்பச்சையாகிவிடும். பல வருஷங்களாகத் தினமும் கிள்ளியெடுத்து வந்த செடியில் இப்படி ஒரு பாவனை என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்திருக்கிறது என்பது எனக்கு அவமானமாக இருந்தது. வங்கியில் என் வேலைகளில் ஒன்று காசோலைக் கையெழுத்துகளை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. உற்றுப் பார்க்கத் தெரிந்தவன் என்றுதான் என்னைப்பற்றி நினைத்திருந்தேன்.

காமிரா ஏற்கெனவே இருந்தது. மேக்ரோ லென்ஸ் என்று தனியாக விற்பது என் சம்பளத்துக்கு யோசிக்கவேண்டிய விலை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஃபிலிம் காலத்து 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதைப் பின்புறம் முன்னால் வரும்படி திருப்பி, ரிவர்ஸ் ரிங் என்னும் சாதாரண வளையம் ஒன்றைக் கொண்டு காமிராவில் பொருத்தினால், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பெரிதாக்கித் தரும். அதாவது ஒரு சென்டிமீட்டர் பூச்சியின் பிம்பம் சென்சாரின் மேலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும். தூரத்தில் இருக்கும் மனிதர்களையும் மலைகளையும் பார்ப்பதற்கென்று செய்த கருவி, புறம்திரும்பியதும் அருகாமையின் கருவியாகிவிடுகிறது. இதில் ஓர் உருவகம் காத்திருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை.

தொடங்கிய முதல் மாதத்தில் எனக்குப் புரிந்தது ஆழத்தைப் பற்றியது. ஒன்றுக்கு ஒன்று என்ற பெருக்கத்தில் அப்பெர்ச்சரை 8-இல் வைத்தால், படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. எறும்பின் உணர்கொம்பு தெளிந்தால் கண் மங்கும். கண் தெளிந்தால் தாடை போய்விடும். இன்னும் சுருக்கிப் பார்க்கலாமே என்று 16-க்கும் 22-க்கும் போனால், அந்தச் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே பஞ்சடைந்த கண்ணால் பார்த்ததுபோல் ஆகிவிடுகிறது. ஆழத்தைக் கேட்டால் கூர்மை போகும். கூர்மையைக் கேட்டால் ஆழம் போகும். இது ஒளியின் இயல்பு. எவ்வளவு கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இந்த விதியிலிருந்து அதற்கு விலக்கு இல்லை.

இன்னொன்று, இந்த வேலையில் ஃபோகஸ் வளையத்தால் பயன் இல்லை. உடம்புதான் முன்னும் பின்னும் போகவேண்டும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையில் நாலு விரல்கடை இருந்தால் அதிகம். அப்பெர்ச்சரைச் சுருக்கியதும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அந்த இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை மண்ணில் ஊன்றி, நெற்பருமன்கூட இல்லாத தூரத்தை முன்னும் பின்னும் அசைந்து கடக்கவேண்டும். தெளிவு ஒரு கணம் வரும், போய்விடும். அந்தக் கணத்தில் ஃப்ளாஷ் வெட்டவேண்டும். ஃப்ளாஷின் கடுமை பூச்சியின் ஓட்டில் வெள்ளைத் திட்டாக விழாமலிருக்க முன்னால் ட்ரேசிங் தாளை வளைத்து ஒட்டியிருந்தேன். இருநூறு படங்கள் எடுத்தால் மூன்று தேறும். மீதி நூற்றுத் தொண்ணூற்றேழும் என் மூச்சின் படங்கள்.

அந்த நாட்களை ஒருவித நன்றியோடுதான் நினைக்கிறேன். முருங்கையிலும் செம்பருத்தியிலும் நடந்துகொண்டிருந்தவற்றுக்கு அளவே இல்லை. செம்பருத்தித் தண்டில் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சிகளை எறும்புகள் உணர்கொம்பால் தட்டித் தட்டி, அவை சுரக்கும் இனிப்பு நீரைக் குடிக்கும். முசுறுகளின் கூட்டத்தில் ஒரு முசுறு மட்டும் நடையில் கொஞ்சம் தயக்கம் காட்டியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அதற்கு எட்டுக் கால்கள் இருந்தன. எறும்பாக நடிக்கும் சிலந்தி. முன்கால்களைத் தூக்கி உணர்கொம்புகள்போல ஆட்டிக்கொண்டு திரிகிறது. இவற்றையெல்லாம் கவிதையாக்கிவிடவேண்டும் என்ற அரிப்பு ஒருமுறைகூட எனக்கு வரவில்லை என்பதைக் குறித்துவைக்க விரும்புகிறேன்.

அரிப்பு வேறு வடிவத்தில் வந்தது. ஆழப் பிரச்சினைக்கு ஒரு மாற்றுவழி உண்டு. இம்மி இம்மியாக ஃபோகஸை நகர்த்திப் பல படங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் பொறுக்கிக் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கிவிடலாம். உணர்கொம்பின் நுனி முதல் வயிற்றின் கடைசி வளையம் வரை எல்லாமே தெளிவாக இருக்கும் ஒரு படம் கிடைக்கும். எந்தக் கண்ணும், பூச்சியின் காதலனின் கண்ணும்கூட, ஒரே நேரத்தில் கண்டிராத படம். லெவான் பிஸ் என்னும் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிகள் ஆள் உயரத்துக்கும் மேலானவை. ஒவ்வொன்றும் சுமார் 8000 படங்களைச் சேர்த்துக் கட்டியது. எல்லாம் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஊசி குத்தி வைத்திருந்தவை. அவர் அதை ஒளிக்கவும் இல்லை.

அசையாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இந்தப் பழக்கத்துக்குள் நுழையும் புதியவனுக்கு யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லித்தரும் யோசனை ஒன்று உண்டு: ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வை. பூச்சிகளுக்குத் தமக்கென்று உடற்சூடு கிடையாது. குளிர்ந்தால் விறைத்து நின்றுவிடும். வெளியே எடுத்தால் சில நிமிஷங்களில் உயிர்ப்பு திரும்பிவிடும். நமக்கு வேண்டிய நேரம் அதற்குள் கிடைத்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

போன ஐப்பசியில் செம்பருத்தியில் கும்பிடுபூச்சி ஒன்று வந்து சேர்ந்தது. சிறகு முளைக்காத இளசு. ஓர் அங்குலம்கூட இல்லை. மூன்று நாட்கள் காலையில் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். நான் இடதுபக்கம் சாய்ந்தால் அதன் முக்கோணத் தலை அந்தப் பக்கம் திரும்பும். வலது பக்கம் போனால் கூடவே வரும். பூச்சிகளில் இப்படிக் கழுத்தைத் திருப்பி ஆளைப் பார்ப்பவை அபூர்வம். இதனாலேயே ஒரு படமும் தேறவில்லை. நாலாம் நாள், விடுமுறை, அதைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்து, சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரிட்ஜின் மேல் அறையில், ஐஸ் உறையும் இடத்தில் வைத்தேன். ஐந்து நிமிஷம் என்று கணக்கு. அப்போது திருநெல்வேலியிலிருந்து நண்பர் ஒருவர் வந்துவிட்டார். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த கவிதைத் தொகுப்பு ஒன்றைப்பற்றிப் பேச்சு போயிற்று. அந்தக் கவிதைகள் நேர்த்தியாக இருக்கின்றன, ஆனால் உயிர் இல்லை என்பது என் வாதம். இதை இப்போது எழுதும்போது மிகவும் ஜோடித்ததுபோலத் தெரிகிறது. நடந்தது அப்படித்தான். இரண்டு மணி நேரம் பேசினோம்.

அவர் போனபிறகு மேல் அறையைத் திறந்தது அம்மாதான்.

"மக்களே, மீன் வைக்கிற எடத்துல இது என்ன டப்பா? உள்ள என்னமோ கெடக்கு."

என்ன செய்தேன் என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு அதைச் செம்பருத்தித் தண்டில் இரண்டு குண்டூசிகளால் பின்பக்கமாக நிறுத்தினேன். உறைந்து தளர்ந்திருந்த முன்கால்களை இடுக்கியால் மடக்கி வைத்தேன். கும்பிடுகிற அந்த நிலை என் கைவேலை. காமிராவை முக்காலியில் ஏற்றி, ஒரே ஒரு தலையை 38 படங்களாக எடுத்தேன். அவசரமே இல்லை. மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பூச்சியின் எதிரில் இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. இந்த நிம்மதிதான் என்னைப் பிறகு தொந்தரவு செய்தது. செத்துப்போனதில் வருத்தம் இருந்தது; ஆனால் வருத்தத்துக்கு அடியில், இது இனி அசையாது என்ற சௌகரியமும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

அடுக்கிய படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது அந்தச் செத்ததுதானே? கண்ணு மட்டும் முழிச்சுட்டிருக்கு. ஒங்க தாத்தா படம் மாதிரி."

எங்கள் வீட்டு முன்னறையில் தாத்தாவின் படம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது படம் எடுத்துக்கொண்டதே இல்லை. இறந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார்கள். மூடியிருந்த கண்களைத் திறந்திருப்பதாக ஸ்டுடியோக்காரர் தூரிகையால் தீட்டிக் கொடுத்தார். அந்தக் கண்கள் முன்னறையின் எந்த மூலையில் நின்றாலும் நம்மைப் பார்க்கும். ஆனால் அவை வரைந்த கண்கள் என்பது வீட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அந்தப் படம் யாரையும் ஏமாற்றவில்லை. என் படம் பன்னிரண்டு பேரை ஏமாற்றியது. எல்லோரும் தேர்ந்த வாசகர்கள்.

எதைப் பார்த்து ஏமாந்தார்கள் என்பது முக்கியம். கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது. அது பாவை இல்லை. அந்தக் கண் ஆயிரக்கணக்கான நுண்கண்களால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு குழாயைப்போலத் தனக்கு நேரே இருக்கும் திசையிலிருந்து மட்டும் ஒளியை வாங்கும். நம்மை நோக்கி நேராக இருக்கும் சில நுண்கண்கள் நம் திசையிலிருந்து வரும் ஒளியை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகின்றன. சுற்றியிருப்பவை ஒளியைத் திருப்பி அனுப்பிப் பச்சையாகத் தெரிகின்றன. நாம் இடம் மாறினால் புள்ளியும் இடம் மாறும். பத்துப் பேர் பத்துத் திசையில் நின்றால் பத்துப் பேருக்கும் அது தன்னைப் பார்ப்பதாகவே தெரியும். பொய்ப்பாவை என்று இதற்குப் பெயர். புள்ளியின் இடத்தை நிர்ணயிப்பது பூச்சி அல்ல, பார்க்கிறவன் நிற்கும் இடம். எனவே கவி நண்பரை ஆறாவது அறிவைக் கழற்றிவைக்கத் தூண்டிய அந்தப் பார்வை, என் காமிரா முக்காலியின் விலாசம், அவ்வளவுதான். கண் கெட்டுப்போகாதவரையில் பூச்சி செத்த பிறகும் அது அங்கே இருக்கும்.

அதே சமயம், உயிரோடு இருந்தபோது அந்தப் பூச்சி என்னைப் பார்த்தது என்பதும் நிஜம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிகளுக்குச் சின்னஞ்சிறு முப்பரிமாணக் கண்ணாடிகளைத் தேன்மெழுகால் ஒட்டி, அவை இரண்டு கண்களையும் சேர்த்துத் தூரத்தை அளக்கின்றன என்று 2016-இல் காட்டினார்கள். அந்த மூன்று காலைகளில் தலை திரும்பியதே, அதுதான் பார்வை. அந்தத் தலைத்திருப்பம்தான் என் படங்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நிஜமான பார்வையை இடைஞ்சல் என்று ஒதுக்கிவிட்டு, பொய்ப்பாவையைக் கூர்மையாகப் பதிவுசெய்து, அதைப் பார்வை என்று உங்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

இதற்கு ஒரு மூத்த உதாரணம் உண்டு. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியாவில் ஓர் எறும்பை வரைந்திருக்கிறார். வரைவதற்கு அவர் பட்ட பாட்டையும் அங்கேயே எழுதியிருக்கிறார். எறும்பு நிற்கமாட்டேன் என்கிறது. காலை மெழுகிலோ பசையிலோ ஒட்டினால் உடம்பை முறுக்குகிறது. கொன்றால் உரு கெட்டுவிடுகிறது. கடைசியில் பிராந்தியில் முக்கி மயக்கம்போட வைத்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் கிடந்து, திடீரென்று போதை தெளிந்தாற்போல எழுந்து ஓடிவிட்டதாம். ஹூக்கின் எறும்பைப் பார்க்கிறவன் அதன் பக்கத்திலேயே பிராந்தியின் வாசனையையும் பெற்றுக்கொள்கிறான். ஆடுபான் அமெரிக்கப் பறவைகளைச் சுட்டு, கம்பி செருகிப் பறக்கும் நிலையில் நிறுத்தித்தான் வரைந்தார். பூச்சிகளை உயிரோடு கவனிப்பதையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டு, 1879-லிருந்து ஒரு வறண்ட தோட்டத்தில் முப்பது வருஷங்களுக்குமேல் வாழ்ந்த ஃபாப்ரேகூட, ஆண் அந்துப்பூச்சிகள் பெண்ணை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று அறிய அவற்றின் உணர்கொம்புகளை வெட்டியவர்தான். சுத்தமான கைகளோடு பூச்சியின் அருகில் போனவர் யாரும் இல்லை. ஆனால் இவர்கள் செய்ததைச் சொன்னார்கள். மறைத்தவன் நான்.

அப்படியென்றால் சொல்லிவிட்டால் போதுமா? இந்தக் கட்டுரையே அந்தப் பரிகாரம்தானா? சுலபமாக முடித்துவிடலாம், எனக்கு நம்பிக்கை இல்லை. படத்தின் கீழே 'இறந்த பூச்சி' என்று அச்சிட்டு அட்டையில் போடலாம் என்றுகூட யோசித்தேன். நம் வட்டத்தை எனக்குத் தெரியும். படம் இன்னும் அதிகமாகப் பாராட்டப்படும். மரணம், பிம்பம் என்று இரண்டு கட்டுரைகள் வரும். ஒப்புதல் வாக்குமூலம் நம்மிடையே ஓர் அலங்காரமாகி நாளாகிவிட்டது.

பூச்சிக்கு வலிக்குமா என்று கேட்டு இதைத் தீர்த்துவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் எறும்புக்கு மூன்றறிவும் தும்பிக்கு நான்கறிவும் கொடுக்கிறது. நான்காவது அறிவு கண். முசுறின் முகத்தை ஒன்றுக்கு ஒன்று பெருக்கத்தில் பார்த்தவனுக்கு எறும்புக்குக் கண் இல்லை என்ற கணக்கு ஒப்பாது, அது கிடக்கட்டும். அறிவுகளை அவ்வளவு சிரத்தையாக அடுக்கிய அந்த மரபியல், அடுக்கின் கீழ்ப்படியில் இருப்பதை நாம் என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. விஞ்ஞானம் இப்போது படிகளைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள்பீ என்னும் தேனீ வகை, தீனியோ வேறு பலனோ இல்லாமலே சிறு மரப்பந்துகளை மறுபடி மறுபடி உருட்டியதை 2022-இல் வெளியிட்டார்கள். விளையாட்டு என்பதைத்தவிர அதற்கு வேறு பெயர் சுலபமாகக் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் கையெழுத்திட்ட பிரகடனம், பூச்சிகளுக்கும் பிரக்ஞை இருக்கும் சாத்தியத்தை ஒதுக்கித்தள்ளக்கூடாது என்றது. நல்லது. ஆனால் நாளைக்கே பூச்சிக்கு எதுவும் வலிக்காது என்று நிரூபித்துவிட்டாலும் என் அவஸ்தை தீராது. ஏனென்றால், நான் தினமும் சாயங்காலம் கொசு மட்டையைக் கையில் எடுக்கிறவன். சமையலறைக் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறவன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பவன். அவற்றில் எதற்காகவும் நான் ஒரு வரி எழுதியதில்லை.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பல நாட்கள் யோசித்தேன். கொசுவைக் கொசுவாகவேதான் கொல்கிறேன். அது எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். கும்பிடுபூச்சியின் சாவை உயிருக்குச் சாட்சியாக நிறுத்தினேன். வெறுப்பில் செய்யவில்லை, மூன்று நாட்கள் அதன்மேல் கொண்டிருந்த உண்மையான ஈடுபாட்டின் தொடர்ச்சியாகவே அதைப் பிடித்து டப்பாவில் போட்டேன். இன்னும் தெளிவாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான். அந்த ஆசை எந்த இடத்தில் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் படத்தைப் பார்க்கத் தொடங்கியது என்பதை என்னால் சுட்டமுடியவில்லை. ஈடுபாடு இருந்தால் தீங்கு நேராது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கவனமே ஒரு தார்மீகச் செயல் என்றுகூட நான் இதே பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே இப்போது எழுதமாட்டேன்.

விமர்சனத்தோடு இதை ஒப்பிடாமல் என்னால் இருக்கமுடியவில்லை, மலிவான ஒப்பீடு என்று தெரிந்தும். ஒரு கவிதை நம்மைப் பார்க்கிறது என்று சொல்லும்போது, நாம் நின்ற இடத்தில் தெரிந்த கரும்புள்ளியைச் சொல்கிறோமா, கவிதை தலையைத் திருப்பியதைச் சொல்கிறோமா? கடந்த பத்து வருஷங்களில் நான் எழுதியவற்றைத் திருப்பிப் பார்த்தேன். மிகத் தெளிவானவை என்று பெயர் வாங்கிய கட்டுரைகள், அசைவதை நிறுத்திவிட்ட கவிகளைப் பற்றியவை. எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பற்றியவை எல்லாம் குழம்பியிருக்கின்றன; பாதி மங்கல். அன்றைக்குத் திருநெல்வேலி நண்பரிடம் உயிர் இல்லை என்று தீர்ப்பளித்த தொகுப்பை மறுபடி படித்தேன். என் கருத்து பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் இரண்டு கவிதைகள் அசைகின்றன.

இப்போது நான் விடிவதற்கு முன்னால் கொல்லைக்குப் போகிறேன். வெயில் ஏறும்வரை பூச்சிகள் மந்தமாகத்தான் இருக்கும். தட்டான்கள் பனித்துளி போர்த்திய புல்நுனியில் விறைத்துக் கிடக்கும். கையில் பிடித்தபடியே ஆறேழு படங்களை அடுக்குமளவுக்கு நேரம் கொடுக்கும். ஃப்ரிட்ஜின் குளிரும் மார்கழியின் குளிரும் பூச்சிக்கு ஒன்றுதானே என்று யாராவது கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். முழுமையான பதில் இல்லை. புல்நுனியை அது தேர்ந்தெடுத்திருக்கிறது; வெயில் வந்ததும் அதன் நேரத்தில் அது போகும்; நான்தான் நாலரைக்கு எழுந்திருக்கவேண்டும். அந்தச் சிரமம் யார் பக்கம் விழுகிறது என்பதில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது. அதற்குமேல் என்னால் வாதிடமுடியாது.

போன வாரம் வாசல் சுவரில் குதிக்கும் சிலந்தி ஒன்று. பூச்சி இல்லை என்று பண்டிதர்கள் திருத்துவார்கள்; கால் எட்டு, கண்ணும் எட்டு. முன்னால் இருக்கும் இரண்டு பெரிய கண்கள் அசையாத வில்லைகள்; அவற்றுக்குப் பின்னால் விழித்திரை ஒரு சின்னக் குழாயின் முனையில் இருந்துகொண்டு உள்ளேயே இடமும் வலமும் அசையும். நேரே நம்மீது திரும்பியிருந்தால் கண் கறுப்பாகத் தெரியும், விலகினால் பழுப்பு தட்டும். அங்கும் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு என் இடத்தைச் சார்ந்தது மட்டுமல்ல, சிலந்தி அதைத் திருப்பவும் வேண்டும். லென்ஸை அருகே கொண்டுபோனேன். பழுப்பாக இருந்த கண் கறுத்தது. வாயருகே இருக்கும் சின்னக் கைகளை இரண்டு தடவை ஆட்டியது. நான் மூச்சைப் பிடித்தேன். அதற்குள் லென்ஸின் மேலேயே குதித்துவிட்டது.

அட்டைக்கு வேறு படம் வேண்டுமென்றால் அதைத் தருகிறேன். முன்கால்களின் நுனி மட்டும் தெளிவாக இருக்கிறது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு மங்கல்கள். அச்சில் நன்றாக வராது.